வாயால் போட்ட கணக்கு

முள்ளிப்பட்டில் ஒரு வீட்டுத் தறி நின்றுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான். பாலமுருகன் வீட்டுத் தறி ஜூன் மாதம் நின்றபோது எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அவன் பெண் சுகன்யா பிளஸ் டூ கணக்கில் பெயிலாகியிருந்தாள். துணைத்தேர்வுக்கு அவள் படிக்க வேண்டும், தறிச் சத்தம் தொந்தரவு செய்யும் என்று பாலமுருகனும் அவன் மனைவி பரிமளாவும் பேசி முடிவெடுத்துத் தறியை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் தெருவுக்கு இது புதுசு. கல்யாணத்துக்கு நிறுத்துவோம், சாவுக்கு நிறுத்துவோம், அமாவாசைக்கு நிறுத்துகிறவர்கள் உண்டு. படிப்புக்காக நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. பாதிப் புடவை தறியில் அப்படியே கிடந்தது. தூசி விழாமல் இருக்கப் பரிமளா அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவைத்தாள்.

வெயில் அந்த மாதம் குறையவே இல்லை. சிமெண்ட் ஷீட் போட்ட தறிக்கூடத்தில் மத்தியானம் உட்கார்ந்தால் வேர்வையில் துணி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூடத்தின் ஒரு மூலையில் சுகன்யா பாயைப் போட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டிவி கிடையாது. பேச்சு கிடையாது. பாலமுருகன் செருப்பைக்கூட சத்தம் வராமல் கழற்றினான். அந்த வீடு கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது.

விஷயம் சின்னதில்லை. இந்தத் தடவை தேறினால் பெண்ணைக் காலேஜில் சேர்த்துவிடலாம். தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். பாலமுருகனின் அண்ணன் ஜெகநாதன் ஆரணி டவுனில் பெரிய கை. பட்டும் ஜரிகையும் கொடுத்துப் பத்துப் பதினைந்து வீடுகளில் நெய்ய வைக்கிறவர். தம்பி வீட்டுக்கும் தறியில் ஏற்றுகிற பாவு நூல் அவரிடமிருந்துதான் வரவேண்டும். அவர் தேவிகாபுரத்தில் ஒரு வரனைப் பார்த்து வைத்துவிட்டு, "பொண்ணுக்குப் படிப்பு ஏறலன்னா சொல்லு, ஆவணியில முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் மறுக்க வழியில்லாமல் இருந்தது.

"இன்னாடி, காலையிலருந்து ஒரே பக்கத்தைப் பாத்துகினு இருக்க?" என்பாள் பரிமளா.

"வரமாட்டேங்குதும்மா."

"எப்படி வராமப் போவும்? ஸ்கூல்ல நீதான் எல்லாருக்கும் சொல்லித் தருவேன்னு உன் வாத்தியாரே சொன்னாரு இல்ல?"

"அப்ப வந்துச்சு. இப்ப வரல."

"அப்ப வந்தது இப்ப எங்க போச்சு? ஜரிகையா, எலி இழுத்துகினு போறதுக்கு?"

சுகன்யா அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள். பரிமளாவுக்குக் கோபம் மகள்மேல் இல்லை, அமலாமேல். அமலா காலனிப் பெண். முனியம்மாவின் மகள். ஆறாவதிலிருந்து சுகன்யாவோடு ஒரே பெஞ்ச். கணக்கில் எப்போதும் சுகன்யா பேசுவாள், அமலா கேட்டுக்கொள்வாள் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ரிசல்ட் வந்தபோது கேட்டவள் நல்ல மார்க்கில் தேறிவிட்டாள், சொன்னவள் பெயில். அன்றைக்கு அமலா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். கேட்டிலேயே நிறுத்தி, "என் பொண்ணு மூளையெல்லாம் உறிஞ்சிட்டு நீ பாஸ் பண்ணிட்ட இல்ல? இனிமே இந்தப் பக்கம் வராத" என்று பரிமளா சொன்னதைத் தெருவே கேட்டது. அந்தப் பெண் திரும்பிப் போயிற்று.

கடைசியில் பாலமுருகன்தான் கணக்கு வாத்தியாருக்குப் போன் செய்தான். தென்னரசு சார் மாற்றலாகிக் கலசப்பாக்கம் பக்கம் போய்விட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு, மகளுக்குக் கேட்காமல் இருக்கக் கொல்லைப்புறம் போய் இருவரும் நின்றுகொண்டார்கள்.

"சார், தறியக்கூட நிறுத்திட்டோம். வூடு அமைதியா இருக்குது. அப்பவும் வரலன்றா."

"எதுக்குங்க நிறுத்தினீங்க?" சாரின் குரலும் களைத்துத்தான் இருந்தது. "அவ சத்தத்துலயே படிச்ச பொண்ணு."

"வேற இன்னா சார் பண்றது?"

"பாருங்க, நான் எப்பவும் நாலு நாலு பேரா உக்கார வெச்சுப் பேசவிட்டுத்தான் கணக்கு நடத்துவேன். கணக்கு ஒருத்தர் மண்டைக்குள்ள தனியா வளர்றதில்ல, நாலு பேர் கேட்டுப் பேசிக்கற எடத்துலதான் வளருதுன்னு எங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லுவாங்க. எனக்கு அதுல நம்பிக்கை உண்டு, இப்பவும் உண்டு. உங்க பொண்ணு விஷயத்துல ஒண்ண நான் கவனிக்காம விட்டுட்டேன். அந்த பெஞ்சுல எப்பவும் அவ குரல்தான் கேக்கும். எழுப்பிக் கேட்டா டக்குனு சொல்லுவா. சந்தோசமா அடுத்த பெஞ்சுக்குப் போயிடுவேன். எழுதறது யாருன்னு பாக்கவே இல்ல."

"யாரு சார் எழுதினது?"

"அமலாதாங்க."

பரிமளா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சுகன்யாவைக் கேட்டார்கள். அவள் முதலில் அழுதாள். அப்புறம் சொன்னாள்.

"நான் வாயால போட்டுகினே போவேன்மா, அவ எழுதுவா. நடுவுல நான் எதையாச்சும் தாண்டிப் போயிட்டா, 'இருடி இருடி, இது எப்படி வந்துச்சு?'ன்னு நிறுத்துவா. நான் திரும்பி வந்து சொல்லுவேன். அப்பத்தான் எனக்கே புரியும். ஸ்கூல் பரீட்சையிலகூட அவ எதிர்லயே இருப்பா. அவ மூஞ்சியப் பாத்தாலே எங்க தாண்டினேன்னு ஞாபகம் வந்துடும். பப்ளிக்ல வேற ரூம்ல போட்டுட்டாங்க. என்ன யாரும் நிறுத்தலம்மா. தாண்டித் தாண்டிப் போயிட்டு, பாதியில எங்க இருக்கறேன்னே தெரியல."

"அப்ப உனுக்குக் கணக்கு தெரியுமா தெரியாதா?" என்று கேட்டான் பாலமுருகன்.

"தெரியும்ப்பா. தனியாத் தெரியல."

பாலமுருகன் தறியைப் பார்த்தான். இவர்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஊடை நூலைக் கொண்டுபோகும் நடு நாடாவைப் பாலமுருகன் எறிவான். பரிமளா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பாள். இரண்டு பேர் இல்லாமல் ஒரு முழம் ஓடாது.

"கேட்டியா?" என்றான் மனைவியிடம். "கல்யாணம் ஆனதுலருந்து நீ என் பக்கத்துல குந்திகினு கரை தள்ளற. உன்னத் தனியா ஒக்கார வெச்சு ஒரு புடவை நெய்யச் சொன்னா நெய்வியா?"

"உன்ன ஒக்கார வெச்சா மட்டும் நெய்ஞ்சிடுவியா?" என்றாள் பரிமளா. அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அவளே மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். வாத்தியார் சொன்னதில் ஒரு பாதியைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்: யாராவது கேட்க வேண்டும். நாள் பூராவும் தறியில் உட்கார்ந்து பழகியவள், ஒரு பெண் பேசுவதைக் கேட்பதா கஷ்டம்? சுகன்யா மேட்ரிக்ஸ் என்கிற அணிக்கணக்கைச் சொல்லிக்கொண்டே போனாள். முதல் வரிசையை இரண்டால் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தாள், மூன்றாவதை வகுத்தாள். பரிமளா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து சுகன்யா பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீ தலையாட்டிகினே இருக்கறம்மா."

"பின்ன? நல்லாத்தானடி சொல்ற."

"நான் தப்பாத்தான் சொன்னேன். ரெண்டு எடத்துல தப்பு. நீ அப்பவும் தலையாட்டின. அவ தலையாட்ட மாட்டா. புரியலன்னா புரியலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவா."

பரிமளா பாயை விட்டு எழுந்தாள். புரியவில்லை என்று சொல்வதற்கே ஓரளவுக்குப் புரிந்திருக்க வேண்டும் போல. இது அவளுக்கு யாரும் சொல்லித் தராத சங்கதி. அன்று அவள் சோறு வடித்தாள், புளிக்குழம்பு வைத்தாள். சாயங்காலம் தலையை வாரிக்கொண்டு காலனிக்குப் புறப்பட்டாள்.

முனியம்மா களையெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பரிமளாவைப் பார்த்ததும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

"குந்துங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

நாக்கு வறண்டுதான் இருந்தது. இருந்தும் பரிமளா, "வேணாங்க" என்றாள். முனியம்மா இரண்டாவது தடவை கேட்கவில்லை.

"அமலா இல்லீங்களா?"

"அதுவா? அது செய்யாறுல ஷூ கம்பெனிக்குப் போவுது. விடியறதுக்குள்ள வேன் வந்துடும். வந்து எறங்க ஏழு ஆவுது."

"காலேஜ் சேரலையா? நல்ல மார்க்கு வாங்கிச்சே."

"அடுத்த வருசம் பாக்கலாம்னு இருக்குது. அவங்க அப்பாருக்கு இடுப்பு புடிச்சிகினு வேலைக்குப் போவல." முனியம்மா கீரைக்காம்பை ஒடித்து எறிந்தாள். "நீங்க வந்த விசயம்?"

பரிமளா சொன்னாள். தொடங்கியது ஒரு இடம், முடித்தது ஒரு இடம். கேட்டில் நிறுத்திப் பேசியதைப் பற்றி, "அன்னிக்கு வயித்தெரிச்சல்ல ஏதோ பேசிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். முனியம்மா அதற்கு உம் கொட்டவில்லை.

"உங்க பொண்ண இங்க அனுப்புங்க. சாயங்காலம் வந்து குந்தட்டும், ரெண்டும் படிக்கட்டும். எம்பொண்ணு நாளெல்லாம் நின்னுகினே வேலை செய்யுது. கால் வீங்கிகினு வருது. அதுக்கப்பால உங்க தெருவரைக்கும் எங்க நடக்கும்?"

நியாயமான பேச்சு. பரிமளாவுக்கும் அது தெரிந்தது. சுகன்யா இருட்டுகிற நேரத்தில் காலனிக்கு வந்து போனால் தெரு என்ன பேசும், அது ஜெகநாதன் காதுக்கு எப்படிப் போகும் என்றுதான் அவள் மனசு ஓடியது.

"அவங்க அப்பா ஒத்துக்க மாட்டாருங்க" என்றாள். பாலமுருகனிடம் அவள் கேட்கவே இல்லை.

முனியம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நேரம் அமலா வந்துவிட்டாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. கையில் காலி டிபன் பை. பசை வாசனை அவளோடு கூடவே வந்தது. அம்மா சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டாள்.

"நான் வரேன் ஆண்ட்டி."

"உனுக்கு இன்னாடி தலையெழுத்து?" என்றாள் முனியம்மா. "போவாதன்னு வெரட்டினாங்க, இப்ப வான்னு கூப்புடறாங்க. நீ ஓடுவியா?"

"அவ சொன்னதைத்தானம்மா நான் எழுதினேன். அவ இல்லன்னா நானும் பெயிலுதான்."

மறுநாளிலிருந்து அமலா வந்தாள். வேனிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போய் முகம் கழுவி, துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வருவாள். தறிக்கூடத்துக்கு வெளியாட்கள் யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. முதல் நாள் அவள் வாசலோடு நின்றாள். சுகன்யா பாயை இழுத்துப் போட்டு, "உள்ள வாடி" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடப் போனாள். பரிமளா போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

அமலா வந்ததும் முதல் வேலையாக ஒன்று கேட்டாள். "தறி ஏன் நிக்குது?"

"படிக்கறதுக்குத்தான் நிறுத்திட்டாங்க" என்றாள் சுகன்யா.

"ஐய, இந்த வீடு இப்படி இருந்தா எனக்கே தூக்கம் வந்துடும். ஓட்டச் சொல்லுடி."

பாலமுருகன் அதற்காகவே காத்திருந்தவன் போல எழுந்தான். தறிமேல் போர்த்தியிருந்த வேட்டியை எடுத்து உதறினான். பரிமளா கரைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கட்டை விழுகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது. எங்களுக்கெல்லாம் அன்று ஒரு பாரம் இறங்கியது உண்மை.

பெண்கள் இரண்டும் வேலையை மாற்றிக்கொண்டார்கள். சொல்வது அமலா, எழுதுவது சுகன்யா. சுகன்யாவுக்கு அது கொடுமையாக இருந்தது. வாய் ஓடும், கை ஓடாது.

"நீ பேசாத. எழுது."

"அதான் எனக்குத் தெரியுமேடி, விடை நாலு."

"நாலு வரட்டும். எப்படி வந்துச்சுன்னு பேப்பர்ல எனக்குச் சொல்லு. நான் பக்கத்துல இல்லன்னு வெச்சுக்கோ. நான் செய்யாறுல இருக்கறேன், உன் பேப்பரை மட்டும் பாக்கறேன். எனக்குப் புரியணும்."

"புரியலயா?"

"புரியல. இந்த ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவுல இன்னா நடந்துச்சு?"

சுகன்யா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். சில நாள் அமலா கேள்வி கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். சுகன்யா எழுப்ப மாட்டாள். தானே எழுதிய தாளைத் தள்ளிவைத்துப் பார்த்து, "இது எப்படிடி வந்துச்சு?" என்று வாய்க்குள் கேட்டுக்கொள்வாள். அமலாவின் குரலிலேயே கேட்பாள். கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே பரிமளா இதைக் கவனித்தாள். மகளுக்குப் பிடி கிடைத்துவிட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த நாட்களில் பரிமளா அமலாவுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். சில நாள் தோசை சுட்டுக் கொடுத்தாள். வீங்கிய கால்களைப் பார்த்து, "உப்புப் போட்டு வெந்நியில வெச்சுப் பாரு" என்று சொன்னாள். பேச்சில் ஒரு ஒட்டுதல் வந்திருந்தது. அந்தப் பெண்ணிடம் அவளுக்குப் பிரியம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் யாராவது தெருவில், "யாரு அது, தினம் வருது?" என்று கேட்டால், "ஏதோ நோட்டு வாங்க வருது" என்று சொல்லிவிடுவாள்.

பரீட்சை முடிந்தது. அதோடு அமலா வருவதும் நின்றது. ரிசல்ட் வந்த அன்று செல்போனில் பார்த்துவிட்டு சுகன்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாஸ். பாலமுருகன் தறியிலிருந்து இறங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மகள் தலையில் கையை வைத்துவிட்டு மறுபடியும் போய்த் தறியிலேயே உட்கார்ந்துகொண்டான். பரிமளா கேசரி கிளறினாள். சுகன்யா அமலாவுக்குப் போன் போட்டாள்.

சாயங்காலம் ஜெகநாதன் புதுப் பாவை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கேசரித் தட்டை வாங்கிக்கொண்டார்.

"பரவால்லயே. நான் தேவிகாபுரத்துக்காரங்களுக்கு ஜல்தியா ஒரு பதில் சொல்லணும்னு வந்தேன். எப்படிடா தேறிச்சு? ட்யூஷன் வெச்சியா?"

"ட்யூஷன் எதுவும் இல்லண்ணா" என்றான் பாலமுருகன். "தனியா ஒக்காந்து படிச்சா. தறியவே நிறுத்தி வெச்சோம்."

அப்போது அமலா வந்தாள். வேனிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள், கழுத்து அட்டையைக்கூடக் கழற்றவில்லை. பழகின காலாக விடுவிடென்று தறிக்கூடத்துக்குள் வந்துவிட்டவள், நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்து நின்றாள்.

"யாரு இந்தப் பொண்ணு?" என்றார் ஜெகநாதன்.

பாலமுருகன் பரிமளாவைப் பார்த்தான். பரிமளா சுகன்யாவைப் பார்த்தாள். சுகன்யா அம்மாவைப் பார்த்தாள். கேசரிக் கரண்டி பரிமளாவின் கையில் இருந்தது.

"ஸ்கூல்ல கூடப் படிச்ச பொண்ணு மாமா" என்றாள் பரிமளா. "ரிசல்ட் கேட்டுட்டுப் போவலாம்னு வந்திருக்குது."

"எந்தத் தெரு?"

யாரும் பதில் சொல்வதற்குள் அமலாவே சொன்னாள். "காலனிங்க. ரிசல்ட்தான் கேக்க வந்தேன். பாஸ் ஆயிட்டா இல்ல, சந்தோசம். வரேன் ஆண்ட்டி."

"இரு, கேசரி சாப்பிட்டுப் போ."

"வேணாங்க ஆண்ட்டி. அம்மா தேடும்."

அவள் வெளியே போனாள். சுகன்யா பின்னாலேயே ஓடினாள். தெருமுனைவரை இருவரும் நடந்து போனதும், முனையில் கொஞ்ச நேரம் நின்று பேசியதும் வாசலுக்கு வந்த பரிமளாவுக்குத் தெரிந்தது. சுகன்யா தனியாகத் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"திட்டினாளா?"

"இல்ல. காலேஜுல எழுதறதை யாருகிட்டயாச்சும் காட்டு, புரியலன்னு சொல்றவளாப் பாத்துக் காட்டுன்னா." சுகன்யா மூக்கை உறிஞ்சினாள். "பெரியப்பாகிட்ட நீ சொல்லுவேன்னு பாத்தேன்மா."

பரிமளாவுக்கு அழுகை வந்தது. ஊராருக்குப் பயந்து தான் சின்னவளாகிப்போனது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"நானும் நீ சொல்லுவேன்னுதான்டி பாத்துகினு இருந்தேன்" என்றாள்.

உள்ளேயிருந்து ஜெகநாதன், "இன்னா ரெண்டு பேரும் வாசல்லயே நின்னுகினு இருக்கீங்க? வாங்க, எந்தக் காலேஜுன்னு பேசுவோம்" என்று கூப்பிட்டார். போனார்கள்.